முதல்முறை சட்டமன்றம் போகும் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

நீங்கள் எந்தக் கட்சியானாலும் சரி, கலைஞர் கருணாநிதியின் கணக்கு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: 1957 முதல் 2016 வரை 13 முறை வெற்றி, ஒருமுறைகூடத் தோல்வி இல்லை. மேடைதோறும் கேட்டு எனக்கு அலுத்தே விட்டது. மயிரிழையில் தப்பியதும் இந்த 13-க்குள் இருக்கிறது. 1980-இல் அண்ணா நகரில் 699 ஓட்டு. 1991-இல் துறைமுகத்தில் 890. அந்த 1991 வெற்றியில் கிடைத்த பதவியையும் உடனே ராஜினாமா செய்துவிட்டார்.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது சட்டமன்றத்தில் அவர் பேசிய முதல் பேச்சை, அந்தக் கன்னிப் பேச்சை. குளித்தலையில் ஜெயித்து உள்ளே போனபோது அவருக்கு வயது 32. தி.மு.க.வுக்கு மொத்தமே 15 பேர், ஆட்சி காங்கிரஸிடம். சினிமா வசனத்தால் ஊரறிந்தவர், அண்ணாவைப் புகழ்ந்து அடுக்குமொழியில் நாலு வரி பேசிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் எடுத்தது தன் தொகுதியின் நங்கவரம் பண்ணை விவகாரத்தை. ‘நாடு பாதி, நங்கவரம் பாதி’ என்று ஊரில் சொல்லும் அளவுக்கு நிலம் வைத்திருந்த பண்ணை அது. அங்கே விளைச்சலில் பங்கு என்ற வாரமுறையில் உழுதவர்களுக்காகத்தான் பேசினார்.

1970-இல், அவர் முதல்வராக இருந்தபோது, ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தைக் கணக்கில் எடுத்த ஏக்கர்) 15 ஆகக் குறைந்தது. பினாமி பெயரில் தப்பிய நிலமும் ஏராளம், அது தனிக்கதை. ஆனாலும் எந்தப் பிரச்சினையோடு அவைக்குள் போனாரோ, அதிகாரம் வந்தபோது அதை மறக்கவில்லை.

கடைசியில் திருவாரூரிலிருந்து இரண்டு முறை ஜெயித்தாரே, அப்போது அவைக்குள் அவர் குரல் கேட்டது மிகக் குறைவு. முதுமை, சக்கர நாற்காலி எல்லாம் புரிகிறது. அந்தத் தொகுதிக்கு அவையில் பேச ஆள் இல்லாமல் போனது போனதுதான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மானியக் கோரிக்கையில், அதாவது துறைவாரியாகச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் விவாதத்தில், ஒரு உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் பாதி தலைவருக்கு நன்றி சொல்வதிலேயே கரைந்துவிடுகிறது. கருணாநிதியை எதிரில் வைத்துக்கொண்டே அவரைப் புகழ்ந்து நேரத்தைத் தீர்த்தவர்களும் உண்டு. அவரும் தடுத்ததாகத் தெரியவில்லை. உங்கள் தொகுதியில் பட்டா இல்லாத தெரு எது, தூர்வாராத கண்மாய் எது, கோப்பு எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அமைச்சருக்குப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி வரும், அது அவைக்குறிப்பிலும் ஏறிவிடும்.

1957-ஆம் ஆண்டு நடவடிக்கைக் குறிப்பை எடுத்து ஒரு மதியம் படித்துப் பாருங்கள். தலைவரைப் புகழத்தான் இன்னும் ஐந்து வருடம் இருக்கிறதே.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்