குருசடைத் தீவுப் பயணம்: பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவர்களை வரும் பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை குருசடைத் தீவுக்கு ஒரு நாள் பயணமாக அழைத்துச் செல்கிறோம்.

எங்கே போகலாம் என்று கேட்டபோது, மதுரையில் விமானம் ஏற வேண்டும் என்றுதான் வகுப்பில் பலரும் சொன்னார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் ஆய்வாளர்கள் எங்கெங்கிருந்தோ தேடிவரும் கடல் நம் வாசலில் கிடக்கிறது. அதன் அடியை ஒருமுறைகூடப் பார்க்காமல் நம் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பாம்பனை ஒட்டிய குருசடை அதில் ஒன்று. வலை கிழிந்துவிடுமே என்று நீங்கள் விலகிப் போகிறீர்களே, அந்தப் பார்தான், அதாவது பவளப்பாறைதான், தீவைச் சுற்றிலும். பார்வைக்குக் கல். உண்மையில் கணக்கற்ற சிற்றுயிர்கள் சுண்ணாம்பு சுரந்து கட்டியது. மீன்குஞ்சுகள் அங்கே ஒதுங்கி வளர்வதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடல்நீர் அளவுமீறிச் சூடேறினால், அவ்வுயிர்களுக்குள் இருந்து உணவளிக்கும் நுண்பாசி வெளியேறி, பார் வெளுத்துப்போகும். 2010இலும் 2016இலும் நம் கடலிலேயே அது நடந்தது. விலங்கியல் புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த பாலனோகுளோசஸ் என்ற புழு போன்ற உயிரி, மணலுக்குள் வளை தோண்டி வாழ்வதும் இந்தத் தீவின் கரையோரத்தில்தான்.

இந்தக் கடிதத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஆண்பிள்ளைகளின் ஒப்புதல் படிவங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. பெண்பிள்ளைகளின் படிவங்கள் வரவில்லை. "பொம்பளப் புள்ளைய எப்படி சார் படகுல ஏத்துறது" என்று சில அப்பாக்கள் நேரிலேயே கேட்டார்கள். அவர்கள் கவலை புரிகிறது. ஆனால் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, இந்தத் தீவுகளின் ஓரத்தில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர்கள் நம் கரையின் அம்மாக்களும் அப்பத்தாக்களும்தானே? அவர்கள் வழிவந்த பிள்ளைகள் இன்று உயிரியல் படிக்கிறார்கள். மண்டபத்தில் இருக்கும் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் நாளை நம் பிள்ளை ஒருத்தி வேலை பார்க்க வேண்டாமா? தயவுசெய்து தடுக்காதீர்கள்.

காலை 7 மணிக்குப் பள்ளியிலிருந்து பேருந்து. விவேகானந்தர் 1897இல் கரையிறங்கிய குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகு. எல்லோருக்கும் உயிர்காக்கும் அங்கி உண்டு. இரண்டு ஆசிரியைகள் உடன் வருகிறார்கள். வாடைக்காற்று தணிந்து, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழும்பாத நாட்களில் தென்கடல் தெளிந்திருக்கும் என்பதால்தான் பிப்ரவரியைத் தேர்ந்தோம். காற்று எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவைப்போம். படகுக் கட்டணம் பள்ளியுடையது. மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். பவளத்துண்டு ஒன்றைக்கூட எடுத்துவரக் கூடாது, அது சட்டப்படி குற்றம் என்று வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.

படிவத்தை வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும். கூடவே வர விரும்பும் அம்மாக்கள் இருவருக்குப் படகில் இடம் வைத்திருக்கிறோம், முன்கூட்டியே சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்