அந்தப் பருந்து வீடியோவும் நம் கடையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். முட்டுக்காடு முகத்துவாரத்துக்கு மேலே ஒரு செம்பருந்து தாழப் பறக்கிறது. அதன் காலில் பச்சை நிறத் தவளை லூர் (தவளை வடிவச் செயற்கை இரை) ஒன்று மாட்டித் தொங்குகிறது, பின்னாலேயே தூண்டில் நரம்பு நீளமாக இழுபடுகிறது. பார்க்க மனசு கேட்காத காட்சி. அதற்குக் கீழே நம் தூண்டில் கடைப் பெயர்ப்பலகையின் படத்தை ஒட்டி, 'கருடனுக்கு முள் வைக்கும் கடை' என்று எழுதியிருக்கிறார்கள். தூண்டில்காரர்களின் வாட்ஸப் குழுக்களில் ஆரம்பித்து, இப்போது குடியிருப்புச் சங்கங்களின் குழுக்கள் வரைக்கும் அது போய்விட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்த லூர். அது நம் கடையில் விற்றது இல்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதன் வாலில் சுழல்கிற தகடு ஒன்று இருக்கிறது, வயிற்றுக்கு அடியில் மூன்றுமுனை முள் தொங்குகிறது. நம்மிடம் விரால் பிடிக்கத் தவளை வாங்கியவர்களுக்குத் தெரியும், நாம் கொடுப்பது முதுகோடு ஒட்டிப் படிந்த இரட்டை முள் தவளை மட்டும்தான். அல்லி, தாமரைக்கு நடுவே இழுத்தாலும் அது பாசியில் சிக்காது. விரால் கவ்வி உடம்பை அமுக்கும்போதுதான் முள் வெளியே வரும். வயிற்றில் முள் தொங்கும் தவளை முதல் இழுப்பிலேயே ஒரு கூடை பாசியை அள்ளிக்கொண்டு வரும் என்பதால், அந்த ரகத்தை நாம் என்றைக்குமே வாங்கி வைத்ததில்லை. வால் தகடு வைத்த தவளையும் நம் அலமாரியில் கிடையாது. நிறத்தை வைத்து யாராவது சந்தேகப்பட்டால், கடைக்கு வந்து நம் பச்சையையும் அந்தப் பச்சையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்முடையதன் வயிறு வெள்ளை. அதில் இருப்பது மஞ்சள்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். ரீல் பழுதுபார்க்க நாளாகிறது என்று சொல்லியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் 'கருடனுக்கு முள் வைக்கிறான்' என்ற சொல்லைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தலைக்கு மேலே செம்பருந்து வட்டமிட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். என் அம்மாவுக்கும் அந்த வீடியோவை யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

சரி, அந்த லூரை யார் விற்றிருந்தாலும் பருந்தின் காலில் முள் ஏறியது உண்மை. இது எப்படி நடக்கிறது என்பது தூண்டில் பிடிக்காதவர்களுக்குத் தெரிவதில்லை. புதிதாகத் தூண்டில் எடுத்தவர்களில் பலருக்கும் தெரியாது.

லூர் என்பதே அடிபட்ட உயிரைப் போல நடிக்கிற பொருள். பாப்பர் என்கிற மிதக்கும் லூரை வெடுக்கென்று இழுத்தால் நீரைத் துப்பிச் சத்தம் போடும். பென்சில் லூரை இடமும் வலமுமாக ஆட்டி இழுத்தால், காயம்பட்டு நேராக நீந்த முடியாத மீனைப் போலத் தெரியும். மீனின் பசியை மனதில் வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். ஆனால் அதே மீனைத் தின்கிற மற்ற உயிர்களுக்கும் அதே கண், அதே பசி. செம்பருந்து நீருக்குள் பாய்கிற பறவை இல்லை. மேல்மட்டத்தில் மிதப்பதைக் காலால் அள்ளிக்கொண்டு போகிற பறவை. அதனால்தான் மிதக்கும் தவளையும் பாப்பரும் அதன் காலில் மாட்டுகின்றன. ஆலா என்னும் கடற்பறவை தலைகீழாகப் பாய்ந்து அலகால் கொத்தும், அதனால் ஸ்பூன் என்கிற சின்ன வெள்ளித் தகட்டு லூரைக்கூட விடாது. நீர்க்காகம் முழுசாக முங்கி மீனைத் துரத்தும், ஆழத்தில் ஓடும் மினோ என்கிற மீன் வடிவ லூரும் அதனிடமிருந்து தப்பாது. பழவேற்காட்டில் கூழைக்கடா லூருக்குப் பின்னாலேயே நீந்தி வந்து, பை போன்ற அலகை விரித்து அள்ளப் பார்க்கும். பக்கத்தில் ஆந்திராவின் நேலப்பட்டில் கூடு கட்டும் கூழைக்கடாக்களுக்குப் பழவேற்காடு ஏரிதான் சோற்றுப்பானை. அவை இருக்கும் இடத்துக்கு நாம்தான் போகிறோம்.

புற ஊதா ஒளியில் மினுங்கும் பூச்சுதான் பறவைகளை இழுக்கிறது என்று வீடியோவோடு வந்த செய்தியில் எழுதியிருந்தார்கள். கடற்காகம் போன்ற பறவைகளுக்கு நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி தெரியும் என்பது சரிதான். ஆனால் பூச்சே இல்லாத வெறும் தகட்டு ஸ்பூனுக்கும் ஆலா பாய்கிறது. நிறத்தைவிட ஆட்டம்தான் அவற்றை இழுக்கிறது என்பது என் கணிப்பு. நீரில் மூழ்கி ஓடும் லூரைவிட மேலே துள்ளும் லூருக்குத்தான் அதிகம் வருகின்றன.

இன்னொரு விஷயம், இது நமக்குள் பேச வேண்டியது. பறவை கூட்டமாகப் பாயும் இடத்தில் வீசு என்றுதான் நம் பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். ஆலாக் கூட்டம் கீழே கொட்டினால் அடியில் மத்திக் கூட்டம் இருக்கும், மத்திக்கு அடியில் பாறை மீனும் சீலா மீனும் இருக்கும். கோவளத்தில் கரையிலிருந்து வீசுகிற யாருக்கும் இது பால பாடம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் கூட்டத்தின் நடுவில் வீசத் தேவையில்லை. வேட்டையாடும் மீன் கூட்டத்தின் விளிம்பில்தான் சுற்றும். பறவைகள் இருக்கும் இடத்துக்கு ஒரு பக்கமாக வீசி, மேலே துள்ளும் பாப்பருக்குப் பதிலாக மூழ்கும் ஜிக் லூரைப் போட்டால் மீனும் கிடைக்கும், பறவையும் தப்பும். குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் வந்து இறங்கும் மாதங்களில் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள்.

ஏரி, குளங்களில் வேறு கதை. அங்கே தவளை லூரைத் துரத்துவது பெரும்பாலும் நீர்க்கோலிப் பாம்பு. அதற்கு விஷம் இல்லை, ஆனால் கோபம் அதிகம், கையைக் கொடுத்தால் கடிக்கும். பாம்பு பின்னால் வருவது தெரிந்தால் ரீலை வேகமாகச் சுற்றி லூரை எடுத்துவிடுங்கள். கடற்கரையில் நாய்கள் விஷயமும் அப்படியே. மீன் வாடை பிடித்த லூரை மணலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். வீடியோவில் பருந்தின் காலில் இருக்கும் முள்ளைவிட, பின்னால் தொங்கும் நரம்புதான் பயங்கரம். முள்ளோடு பறக்கும் பறவை பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. நரம்போடு பறக்கும் பறவை போய் உட்காரும் முதல் மரத்திலேயே சிக்கி, தலைகீழாகத் தொங்கிச் சாகும். பிரெய்ட் என்கிற பின்னல் நரம்பு மெல்லியது, இழுத்தால் நீளாது, சிறகையும் காலையும் அறுத்துவிடும். யாரோ பயந்துபோய் நரம்பை அறுத்திருக்கிறார்கள். பயம் எனக்கும் புரிகிறது, பருந்தின் நகத்தைப் பக்கத்தில் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும். ஆனால் தயவுசெய்து நரம்பை அறுக்காதீர்கள்.

பறவை மாட்டினால் ரீலின் டிராக்கை (நரம்பு ஓடும் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) தளர்த்தி, இழுத்துப் போராடாமல் மெதுவாகச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். துண்டையோ சட்டையையோ தலைமேல் போட்டுக் கண்ணை மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பருந்தாக இருந்தால் முதலில் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அலகைவிட நகம்தான் ஆபத்து. கடற்காகம், ஆலா என்றால் சிறகை உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள். நீர்க்காகமும் கூழைக்கடாவும் வாய் வழியாகத்தான் மூச்சு விடும், அவற்றின் அலகை இறுக்கி மூடக் கூடாது, நடுவில் விரல் அகலத்துக்கு இடைவெளி விடுங்கள். ஏறிய முள்ளை வந்த வழியே பிடுங்கினால், அதன் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் பல் சதையைக் கிழிக்கும். நுனி வெளியே எட்டிப் பார்க்கும்வரை முன்னால் தள்ளி, பல்லைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, பிறகு பின்னால் உருவுங்கள். உடம்பில் நரம்பு சுற்றியிருந்தால் ஒரு துண்டுகூட விடாமல் வெட்டி எடுத்த பிறகு விடுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் மட்டும் இழுக்கவே வேண்டாம். வாய்க்கு வெளியே கொஞ்சம் நரம்பை விட்டு நறுக்கி, காற்று போகும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேர்த்துவிடுங்கள். பாவம் என்று வீட்டில் வைத்து வளர்க்காதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகலாம்.

இனி கடையின் முடிவு. பாப்பர், பென்சில், மிதக்கும் மினோ மூன்றிலும் மூன்றுமுனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டித்தான் இனிமேல் தருவோம். மூன்றுமுனை முள்ளில் ஒரு முனை காலில் ஏறினால், பறவை உதறும்போது அடுத்த முனை சிறகில் ஏறுகிறது. பிறகு பறவை உருண்டையாக மடங்கிவிடுகிறது. ஒற்றை முள்ளில் அந்தத் தொல்லை குறைவு. மீன் தப்பிவிடுமே என்று கேட்பீர்கள். பழைய முள்ளின் எடைக்கு ஈடாக ஒன்றிரண்டு அளவு பெரிய ஒற்றை முள் போட்டால் லூரின் ஆட்டம் மாறாது. கொடுவா மீனும் பாறை மீனும் நன்றாகவே மாட்டும், முள்ளைக் கழற்றுவதும் சுலபம். உங்களிடம் உள்ள பழைய லூர்களைக் கொண்டுவந்தால் முள்ளின் பல்லை இலவசமாக நசுக்கித் தருகிறோம். நரம்பைத் தொய்யவிடாமல் சுற்றினால், பல் இல்லாத முள்ளிலும் மீன் நிற்கும்.

இப்படியெல்லாம் கட்டுப்பாடு வைத்தால் பொழுதுபோக்கே போய்விடும் என்று சிலர் வருத்தப்பட்டார்கள். இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் அரைவைக்காகச் சிறு கற்களைப் பொறுக்கும்போது, தூண்டில்காரர்கள் தவறவிட்ட ஈயக்குண்டுகளையும் சேர்த்து விழுங்கி நஞ்சேறிச் செத்தன. 1987இல் 28 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே தடை போட்டார்கள். அன்னங்கள் மீண்டன. தூண்டில்காரர்களும் வேறு உலோகக் குண்டுகளோடு இன்றுவரை மீன் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் பக்கம் அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. அந்த மாதங்களில் இரவில் வீசுகிறவர்கள் அறுந்த நரம்பை மணலில் விடாமல் சுருட்டி எடுத்து வந்தால் அதுவே பெரிய உதவி. கடை வாசலில் இருக்கும் பழைய நரம்புப் பெட்டி எப்போதும் திறந்திருக்கும்.

வீடியோ வந்த அன்றே நான் கேட்காமலேயே, 'அது அவர் கடை லூர் இல்லை, எனக்குத் தெரியும்' என்று குழுக்களில் எழுதிய அண்ணன்மாருக்கும் தம்பிகளுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எண்ணூரிலிருந்து வண்டி எடுத்து வந்து, ஒன்றும் வாங்காமல், 'கவலைப்படாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. அப்பாவோடு சின்னப் பையன்களாக வந்து மூங்கில் கழி வாங்கிப் போனவர்கள், இன்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வருகிறீர்கள். இந்தக் கடை நிற்பது உங்களால்தான். ஒரு வீடியோவுக்காக அந்த உறவு மாறாது என்று நீங்கள் காட்டிவிட்டீர்கள்.

முள் மாற்றுகிற செலவால் லூர் ஒன்றுக்கு 30 ரூபாய் வரை விலை கூடும். பறவை கொண்டுபோன லூருக்குப் பாதி விலையில் வேறு லூர் தரும் வழக்கம் இந்த மாதத்தோடு நிற்கிறது. ரீல் பார்க்கும் தம்பி சொந்த ஊருக்குப் போய்விட்டதால், பழுதுக்குக் கொடுத்த ரீல்கள் கைக்கு வரச் சற்றுத் தாமதமாகும்.

முள்ளை எடுப்பது எப்படி என்று பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறந்ததும் வாருங்கள். பழைய ரப்பர் செருப்பில் முள்ளை ஏற்றி, தள்ளி நறுக்கி உருவுவதைக் காட்டுகிறேன். உங்கள் கட்டிங் பிளேயரையும் கொண்டுவாருங்கள், பல பேருடையது துருப்பிடித்திருக்கும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்