ஈறில் ரத்தம் வந்தால் தண்ணீர்மேல் பழி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பென்னாகரம் பக்கம் பல்லில் எது வந்தாலும் 'புளோரைடு தண்ணி' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். போர் தண்ணீரில் புளோரைடு அதிகம்தான், அதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது, ஆனால் புளோரைடு பல்லில் கறையைத்தான் ஏற்றும், அதுவும் சிறுவயதில் பல் உருவாகும்போது. ஈறு வீங்கி ரத்தம் வரப் பெரும்பாலும் காரணம் ஈறோரம் படியும் கிருமிப் படலம்.

என் அம்மாவை முன்பல் இரண்டு ஆடிய பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனோம். சர்க்கரை வேறு அவருக்கு. சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வர விடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படலம் காறையாக இறுகிவிட்டால் பிரஷ்ஷுக்கு வராது, டாக்டர்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் பல் ஆடும் என்று பயப்படாதீர்கள், எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடுகிற பல்லைத்தான் காறை பிடித்துக்கொண்டிருக்கும். ரத்தம் வருகிற இடத்தைத் தேய்க்காமல் விடுவதும் தப்பு, மென்மையான பிரஷ்ஷால் ராத்திரியும் தேய்க்க வேண்டும். அப்புறம், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் அதிகம் வராமலே நோய் உள்ளே வளரும்.

ஊரில் நடக்கும் சர்க்கரை முகாம்களில் ஈறையும் பார்க்கச் சொல்லி தயவுசெய்து எழுதுங்கள்.

- ஒரு வாசகி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்