உன் கேசட் என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. வேலை மும்முரம் என்று எழுதலாம்தான், நீ நம்பமாட்டாய். மேசை முழுக்கத் திருகாணிகளையும் பிளாஸ்டிக் ஓடுகளையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் அவற்றுக்கு அடியில் கிடந்தது.

உன் மகள் நாடகக் குழுவில் சேர்ந்ததை இரண்டு முறை படித்தேன். மேடை ஏறப் பயந்து காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவனின் மகளா! இந்த விஷயத்தில் அவள் அம்மா பக்கம் போல. படிக்கும் கண்ணாடி வந்துவிட்டதென்று புலம்பியிருந்தாய். எனக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அதை முதலில் உணர்த்தியது புத்தகம் இல்லை, கேம் பாய் திரை.

ஆமாம், அதே கேம் பாய்தான். கையில் பிடித்து விளையாடுவோமே, நிண்டெண்டோவின் அந்தச் செங்கல் மாதிரிக் கனத்த சாம்பல் நிறப் பெட்டி. ஒன்றில் ஆரம்பித்தேன், இப்போது நான்கு இருக்கிறது. நான்கும் ஒன்றுதானே என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒன்றில்லை என்று விளக்கப் போய் இன்னும் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது எனக்குப் பிணமாகத்தான் வந்தது. யாரோ பேட்டரியைக் கழற்றாமல் பல வருடம் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார்கள். நான்கு செல்லும் கசிந்து, தகடுகள் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. இதற்கு மருந்து வினிகர். பஞ்சில் தொட்டு வைத்தால் பொங்கிக் கரைகிறது. பிறகு ஆல்கஹாலில் துடைத்து உலர்த்த வேண்டும். இந்தப் பெட்டியைத் திறக்கச் சாதாரணத் திருப்புளி உதவாது. திருகாணித் தலையில் மூன்று இதழ் வெட்டு இருக்கும், அதற்கென்றே ஒரு முனை வேண்டும். சிறு வயதில் நாம் கத்தியைப் போட்டுத் திருகித் தோற்றது நினைவிருக்கிறதா? அப்போது திறக்காமல் போனதே நல்லது.

உயிர் வந்ததும் திரையில் செங்குத்தாக ஏழெட்டுக் கோடுகள் காணாமல் போயிருந்தன. இந்த வயதுப் பெட்டிகளுக்கு வழக்கமான வியாதி. திரைக் கண்ணாடியையும் அதன் அடியில் உள்ள மெல்லிய இணைப்புப் பட்டையையும் பிடித்து வைத்திருக்கும் பசை காலப்போக்கில் விட்டுவிடுகிறது. சால்டரிங் அயர்னை மிதமான சூட்டில் வைத்து அந்தப் பட்டை மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் பசை இளகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், அப்போதுதான் எந்தக் கோடு திரும்புகிறது என்று தெரியும். ஒவ்வொரு கோடாக வந்தது, செல்வா. கடைசி ஒன்று மட்டும் அடம்பிடித்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் உள்ளதும் போய்விடும் என்று விட்டுவிட்டேன். வலது ஓரத்தில் அந்த ஒரு கோடு இல்லாமலே ஓடுகிறது. அது எனக்குத் தொந்தரவாகவே இல்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

திரைக்கு வருகிறேன். 160க்கு 144 புள்ளிகள், நான்கே நான்கு பச்சைச் சாயல்கள், உள்ளே விளக்கு கிடையாது. ஜன்னல் ஓரமாகச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தோமே, அதே திரை. 1989இல் இது வந்தபோதே பழைய சரக்குதான். இதை உருவாக்கிய குழுவை நடத்திய கன்பெய் யோகோய், விலை இறங்கிப் பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புது இடத்தில் பயன்படுத்து என்பதையே கொள்கையாக வைத்திருந்தவர். அதே வருடம் போட்டிப் பெட்டியான அட்டாரி லிங்க்ஸ் வண்ணத் திரையோடும் பின்விளக்கோடும் வந்தது. அடுத்த வருடம் சேகாவின் கேம் கியர் வந்தது. இரண்டும் ஆறு செல்லைப் போட்டுச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. இது நான்கு செல்லை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் ஓடியது. கடைசியில் யார் நின்றார்கள் என்று உனக்கே தெரியும்.

இருந்தாலும் நம் கண்ணுக்கு இனி அது போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் இரண்டாவது பெட்டியில் ஐபிஎஸ் திரை, அதாவது பின்விளக்கு உள்ள புது வகைத் திரை, போட்டேன். இதற்கென்றே தயாராக விற்கிறார்கள்: புதுத் திரை, அதை ஓட்டும் சின்னப் பலகை, ஒரு ரிப்பன். சில வகைக்கு உள்பக்கப் பிளாஸ்டிக்கை வெட்டிச் செதுக்க வேண்டும். நான் வெட்டு இல்லாத வகையாகப் பார்த்து எடுத்தேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு விதி: திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்வதில்லை. கழற்றிய பழைய திரை, எந்தப் பெட்டியினுடையது என்று எழுதிய உறைக்குள் பத்திரமாக இருக்கிறது.

முதல் தடவை ஆன் செய்தபோது சிரித்துவிட்டேன். இருட்டு அறையில், படுத்துக்கொண்டு, கண்ணாடியும் இல்லாமல்! பத்து நிமிடம் கழித்துத்தான் குறைகள் தென்பட்டன. பழைய திரை மந்தமானது. ஒரு படம் மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும், நகரும் எதற்கும் பின்னால் ஒரு வால் இழுபடும். அந்த மந்தத்தையே சில விளையாட்டுகளில் தந்திரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம். ஒரு உருவத்தை ஒரு சட்டகம் விட்டு ஒரு சட்டகம் வரைந்தால், பழைய திரையில் அது கண்ணாடி போலப் பாதி தெரியும். புதுத் திரை வேகமானதால் அங்கே அதே உருவம் படபடவென்று துடிக்கிறது. சில பலகைகளில் இரண்டு சட்டகங்களைக் கலந்து காட்டும் வசதி உண்டு, என்னுடையதில் இல்லை. செல்லும் சீக்கிரம் தீர்கிறது. வெளிச்சத்துக்குக் கொடுக்கும் கூலி என்று வைத்துக்கொள்.

மூன்றாவது பெட்டிக்கு உள்ளே எல்லாம் தெரிகிற ஓடு மாட்டியிருக்கிறேன். புதுக் கூத்து என்று நினைக்காதே, 1995இல் நிண்டெண்டோவே அப்படி ஒன்றை விற்றது. நான்காவது உதிரி பாகத்துக்கு. அதை வைத்துக்கொள்வதை வீட்டில் நியாயப்படுத்தத்தான் இந்தச் சொல்.

சேர்ப்பவர்களில் இன்னொரு ஜாதி உண்டு. திறக்காத பெட்டியை வாங்கி, அதற்கு மதிப்பெண் போட வைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்கள். அவர்கள் பணம், அவர்கள் விருப்பம். எனக்கு மட்டும் அதைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. நான் தேடுவது ஏற்கெனவே யாரோ விளையாடியதை. அதிலும் போலிகள் நிறைய. விளையாட்டு அடங்கிய கேசட்டின் லேபிளைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அசலில் தாள் மேலேயே இரண்டு இலக்க எண் அழுந்தியிருக்கும். கேசட்டைத் திறந்தால் பலகையில் நிண்டெண்டோ பெயர் இருக்கும். போலிகள் பலவற்றில் கறுப்புப் பிசின் குமிழ்தான் இருக்கும். கேசட்டைத் திறக்கத் திருப்புளி முனை வேறு, 3.8 மில்லிமீட்டர். இந்த அளவு என் கல்யாண நாளைவிட நன்றாக மனதில் நிற்கிறது. இந்த வரியை யாருக்கும் படித்துக் காட்டாதே.

இன்னொன்று. நாம் கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதுவோமே, அது தப்பு. எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். அதைவிடச் சுவாரசியம், ஆன் செய்ததும் மேலிருந்து இறங்கி வரும் நிண்டெண்டோ எழுத்து. சில சமயம் அதற்குப் பதில் கறுப்புக் கட்டை இறங்கும், நீ அதைப் 'பேய்' என்பாய். அந்த எழுத்தின் படம் கேசட்டில் இருந்து வருகிறது. பெட்டிக்குள் இருக்கும் 256 பைட் நிரல், கேசட்டில் உள்ள 48 பைட்டைப் படித்து அப்படியே திரையில் வரைகிறது. பிறகு தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிட்டு, ஒரு பைட் மாறினாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அனுமதி இல்லாமல் கேசட் செய்பவன் அவர்கள் வணிகச் சின்னத்தைத் திருடாமல் செய்ய முடியாது என்கிற ஏற்பாடு. கேசட்டின் முனை அழுக்காகித் தொடர்பு அறுந்தால் 48 பைட்டும் ஒரே மாதிரி படிக்கும், அதுதான் கறுப்புக் கட்டை. உன் பேய்க்கு முப்பது வருடம் கழித்து இப்படி ஒரு விளக்கம்.

இத்தனை நேரம் சுற்றி வளைத்தது ஏன் என்று கேட்பாய். பழைய கேசட் தேடிப் பரணைக் கிளறியபோது ஒரு செருப்புப் பெட்டி கிடைத்தது. அதற்குள் 'லிங்க்'ஸ் அவேக்கனிங்' (Link's Awakening) என்ற செல்டா விளையாட்டின் கேசட். 1993இல் வந்தது. பின்பக்கம் பேனாவால் உன் பெயர், உன் அக்காவின் கையெழுத்தில். எட்டாம் வகுப்பு லீவில், இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கியது. தொலைந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். அன்றைக்கு உண்மையாகவே தொலைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், அல்லது அப்படி நினைத்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

முனைகளைத் துடைத்து உள்ளே போட்டேன். முதல் தடவை உன் பேய் வந்தது. இரண்டாவது தடவை எழுத்து சரியாக இறங்கியது. சேமிப்புப் பக்கத்தில் மூன்று இடம் உண்டு. முதலாவதில் 'செல்வா'. இரண்டாவதில் 'முரல்'. ஐந்து எழுத்துதான் இடம், ஆங்கிலத்தில் எழுதினால் உன் பெயர் கச்சிதமாகப் பொருந்தும், என் பெயருக்கு ஒரு எழுத்து வெளியே நின்றுவிடும். அதைச் சொல்லி ஒரு மாதம் என்னை முரல் முரல் என்று கூப்பிட்டாயே. மூன்றாவது இடம் காலி.

உன்னுடையதைத் திறந்தேன். விளையாட்டில் வரும் கிராமத்தில் மாரின் என்ற பெண் நிற்கிறாள், பேச்சுக் கொடுத்தேன். அவள் உன்னைச் செல்வா என்று கூப்பிடவில்லை. 'தீஃப்', அதாவது திருடன், என்றாள். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் வில்லைத் தூக்கிக்கொண்டு, கடைக்காரன் கண் மறுபக்கம் போகும்போது வாசலுக்கு ஓடினாயே, அன்றைக்கு விழுந்த பெயர். விளையாட்டு முடியும்வரை மாறாது. அடுத்த முறை கடைக்குள் போனபோது அவன் மின்னல் விட்டு உன்னைக் கொன்றான், நீ கேசட்டையே தூக்கி எறியப் போனாய். வில்லின் விலை 980 ரூபி, அந்த விளையாட்டின் காசு. திருடலாம் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். என் இடத்தில் புல்லை வெட்டி வெட்டி ரூபி சேர்த்து நேர்மையாக வாங்கினேன். அங்கே இன்றைக்கும் என் பெயர் முரல், உன் பெயர் திருடன், உன் கேசட் என் வீட்டுப் பரணில்.

உன் இடத்தில் நான் எதையும் மாற்றவில்லை. ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் நான்கையும் சேர்த்து அழுத்தினால்தானே சேமிக்கும். அதைத் தொடாமல் அணைத்துவிட்டேன்.

இப்போது ஒரு சிக்கல். அந்தச் சேமிப்பு எல்லாம் 8 கிலோபைட் நினைவகத்தில் இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பது ஒரே ஒரு பட்டன் செல். 3 வோல்ட் இருக்க வேண்டியது, மல்டிமீட்டரில் 2.6 காட்டுகிறது. இறங்கிக்கொண்டே போய் ஒரு நாள் மூன்று இடமும் காலியாகிவிடும். செல்லைக் கழற்றினாலும் அதேதான். ஆகவே முதலில் யுஎஸ்பி வழியாகக் கேசட்டைப் படிக்கும் கருவி ஒன்றை வாங்கி, அந்த 8 கிலோபைட்டைக் கணினியில் பிரதி எடுத்தேன். இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். செல்லை மாற்றியபின் அதே கருவியால் திருப்பி எழுதிவிடலாம்.

பற்றவைக்க மட்டும் இன்னும் கை வரவில்லை. பழகுவதற்கு ஒரு கால்பந்து கேசட்டை எடுத்தேன். காலுள்ள செல்தான் வாங்கியிருந்தேன், சாதாரணச் செல்லின் மேல் நேரடியாகச் சூடு வைத்தால் வெடிக்கக்கூடும். எல்லாம் சரியாகச் செய்து, செல்லின் கூட்டல் முனையையும் கழித்தல் முனையையும் மாற்றி வைத்துவிட்டேன். கேசட் பிழைத்தது, என் நம்பிக்கை பிழைக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். நானே மாற்றி, பொட்டலம் கட்டி உனக்கு அனுப்பிவிடவா? இல்லை, அடுத்த மாதம் இந்தப் பக்கம் வரலாம் என்று எழுதியிருந்தாயே, அப்போது நீ விளக்கைப் பிடித்துக்கொள்ள நான் பற்றவைக்கவா? வருவதாக இருந்தால் இரண்டு பெட்டிகளை இணைக்கும் லிங்க் கேபிளும் இரண்டு டெட்ரிஸ் கேசட்டும் எடுத்து வைக்கிறேன். நல்ல திரை உள்ள பெட்டி எனக்கு, கோடு இல்லாதது உனக்கு.

அனுப்பச் சொன்னால் முகவரியை எழுது. என்னிடம் இருப்பது உன் பழைய வீட்டினுடையது.

அன்புடன்,
முரளி

பி.கு.: மூன்றாவது இடம் காலி என்றேனே, அதை உன் மகளுக்கு விட்டு வைத்திருக்கிறேன். அவள் பெயர் எத்தனை எழுத்து வருகிறது என்று எண்ணிப் பார்.