பாரிமுனைக்கு உயிர் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை பாரிமுனையில் உள்ள பிராட்வே பேருந்து நிலையத்தையும் அதன் அருகிலுள்ள குறளகம் என்ற அரசுக் கட்டடத்தையும் இடித்துவிட்டு, ரூ.800 கோடிக்கும் மேற்பட்ட செலவில் போக்குவரத்து முனையமும் வணிக வளாகமும் கட்டும் திட்டத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். உயிரற்றுக் கிடக்கும் பாரிமுனைக்கு இந்த வளாகம் புத்துயிர் ஊட்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழின் வாசகனாக இருப்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அந்த வரியை எழுதியவர் ஒரு நாளாவது காலை பதினொரு மணிக்கு ஆண்டர்சன் தெருவுக்குள் நடந்து பார்த்தாரா?

அந்தத் தெருவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தாள் கடை வைத்திருந்தேன். மார்கழி மாதத்தில், தை முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருபவர்களின் கூட்டத்தில் தாள் கட்டு ஏற்றிய மீன்பாடி வண்டி நகர முடியாமல் நிற்கும். பத்திரிகை வாங்கியவர்கள் அப்படியே கோடவுன் தெருவுக்குப் போய்த் துணி எடுத்து, தேவராஜ முதலி தெருவில் வளையல் வாங்கிக்கொண்டு, பையும் பிள்ளையுமாகப் பேருந்துக்குத் திரும்புவார்கள். ஒரு கல்யாணத்துக்கான சாமான் முழுவதும் நடக்கிற தொலைவில், அவரவர் கைக்கேற்ற விலையில் கிடைக்கிற இடத்தை உயிரற்றது என்று சொன்னால் எங்களுக்கு வலிக்காதா?

களை சற்றுக் குறைந்தது உண்மைதான். அதன் காரணமும் தாங்கள் அறியாததல்ல. 1996-இல் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. 2002-இல் வெளியூர்ப் பேருந்துகளும் அங்கே போயின. 2023 இறுதியில் தென் மாவட்டப் பேருந்துகள் இன்னும் விலகிக் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. நெரிசலைக் குறைக்க அவை தேவைப்பட்டன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரே பேருந்தில் வந்து என் கடை வாசலுக்கு நடந்து வந்தவர், இரண்டு வண்டி மாற வேண்டும் என்றதும் உள்ளூரிலேயே பத்திரிகை அடித்துக்கொண்டார். ஆள் வந்து இறங்குகிற இடத்தை அப்புறப்படுத்திவிட்டு, வியாபாரம் மங்கிய குறையை எங்கள் தெருக்கள் மீது சுமத்துவது நியாயமா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தந்தையார் சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்திருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர். 1985 மே மாதம் அது எரிந்த பிறகு, நனைந்து ஒட்டிக்கொண்ட ஏடுகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் வைத்தார். முதல் பக்கத்தின் மூலையில் அவர் பென்சிலால் எழுதிய விலை மட்டும் சிலவற்றில் அழியாமல் இருந்தது. பிற்பாடு கிடைத்த மாற்றுக் கட்டடத்தில் அவருடைய கடை மாடியில் அமைந்தது. பழைய புத்தகம் வாங்குபவர் அதற்கென்று வீட்டிலிருந்து கிளம்பி வருபவர் அல்லர்; ரயிலுக்குப் போகிற வழியில் கண்ணில் பட்டால் நின்று புரட்டிப் பார்ப்பவர். அவர் படியேறி வரவில்லை. இரண்டு ஆண்டுகளில் தந்தையார் கடையை மூடிவிட்டார். பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013-இல் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் அனுப்பியபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மாடிப்படிதான்.

பாரிமுனை நடைபாதைகளில் சீப்பும் பூட்டும் கைக்குட்டையும் விற்பவர்களைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடக்கும், தானாகவே கூடி வளர்ந்த இயல்புச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்றும் அதன் இணைப்பு சொல்கிறது. இது தங்கள் அலுவலகத்தில் அனைவருக்கும் தெரிந்த சட்டம்தான். தெரிந்தும் எழுதாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம்.

வளாகமே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. மழை பெய்தால் கணுக்கால் வரை நீர் நின்ற பேருந்து நிலையத்தில் கைக்குழந்தையோடு நின்ற தாய்மார்களை நானும் பார்த்திருக்கிறேன். நல்ல நிலையம் கட்டாயம் வேண்டும். 2019 முதல் ஓடும் உயர் நீதிமன்ற மெட்ரோவோடு அது இணையுமானால் எங்களுக்கும் நல்லதே. ஆனால் பேருந்தை விட்டு இறங்குபவர் குளிர்பதனக் கடைகளைச் சுற்றிக்கொண்டுதான் தெருவுக்கு வர முடியும் என்றால், அதனால் பிழைக்கப்போவது வளாகம் மட்டுமே.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அந்த வளாகத்தின் தரைத்தள வரைபடத்தை, பேருந்து நிற்கும் இடம், தெருவுக்குச் செல்லும் வாயில்கள், கழிப்பறை, சிறு கடைகளுக்கு ஒதுக்கிய பகுதி ஆகியவற்றைத் தமிழில் குறித்து, ஒரு முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள். வானத்திலிருந்து பார்ப்பது போன்ற வண்ணப் படம் ஏற்கெனவே வந்துவிட்டது; அதில் எங்கள் தெருக்கள் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாள் வியாபாரி,
மண்ணடி, சென்னை.