டாம்பா ஃபைனலைக் காண உதவிய அத்தனை பேருக்கும் நன்றி

அன்புள்ள அண்ணாச்சிக்கும், டாம்பா அக்கா அத்தானுக்கும், பக்கத்து இருக்கைப் பெரியவருக்கும், அரங்கத்து ஊழியர்களுக்கும்,

2023 ஏப்ரல் 8 அன்று எங்கள் ஊர் ஹாம்டனில் இருக்கும் குயின்னிபியாக் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணி பாப்கேட்ஸ், அமெரிக்கக் கல்லூரி அணிகளின் தேசிய ஃபைனலில், டாம்பா அமலி அரீனாவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தை ஓவர்டைமில் 3-2 என்று வென்றது. இதுதான் அவர்களுடைய முதல் தேசியப் பட்டம். அந்த ஆட்டத்தை நானும் அம்மாவும் நேரில் பார்த்தோம் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். போனில் சொன்ன நன்றி எனக்குப் போதவில்லை. நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றே இந்த மடல்.

அண்ணாச்சி, முதல் நன்றி உங்களுக்கு. வியாழக்கிழமை அரையிறுதியில் மிச்சிகனை 5-2 என்று நம் பையன்கள் மடக்கியதும், ஃபைனலுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்கும் மருமகனுக்கும் வாங்கி வைத்திருந்த இரண்டு டிக்கெட்டையும், அவர்களால் வர முடியவில்லை என்றதும், வாங்கின விலைக்கே எனக்குக் கொடுத்தீர்கள். கூடுதலாகத் தர வேறு ஆட்கள் இருந்தும், "உங்க அம்மா கோவில்பட்டிக்காரங்க, ஹாக்கி பார்க்க அவங்களுக்கு இல்லாத உரிமையா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டீர்கள். அம்மா இதை ஊரில் சொல்லாத வீடு இல்லை.

அக்கா, அத்தான், உங்கள் வீட்டில் தங்கியதையும் நீங்கள் கட்டிக்கொடுத்த புளியோதரையையும் எழுத ஆரம்பித்தால் மடல் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளியே ஃப்ளோரிடா வெயில் கொளுத்தும்போது, "உள்ளே ஐஸ் இருக்கு, குளிரும்" என்று அம்மா தோளில் கம்பளிச் சால்வையைப் போட்டு அனுப்பினீர்களே, அது இல்லாவிட்டால் ஆட்டத்தின் மூன்று பீரியடில் முதலாவதோடு நாங்கள் எழுந்து வந்திருப்போம். மூட்டுவலியோடு படியில் தயங்கி நின்ற அம்மாவின் கையைப் பிடித்து வரிசைவரை இறக்கிவிட்ட ஊழியப் பெண்மணிக்கும் நன்றி. ஒவ்வொரு இடைவேளையிலும் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

இனி அந்தப் பெரியவர். மினசோட்டாவின் அரக்கும் பொன்னிறமும் கலந்த ஜெர்சி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல காலம் ஹாக்கி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எதிரணி ரசிகன் என்று தெரிந்தும் அன்று எனக்கு ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். "பக்கைப் பார்க்காதே, பக் இல்லாத ஆட்களைப் பார்" என்றார். பக் என்றால் பந்துக்குப் பதிலாக இதில் அடிக்கும் தட்டையான ரப்பர் வட்டு. நிகழ்ச்சி மலரின் பின்னட்டையில் பேனாவால் பனி ஆடுகளத்தை வரைந்து, இரண்டு நீலக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப வட்டமிட்டுக் காட்டினார்.

அந்த வட்டத்தில்தான் ஆட்டமே இருந்தது. லோகன் கூலி, மேத்யூ நைஸ், ஜிம்மி ஸ்னகெருட் என்று மினசோட்டாவின் முதல் தாக்குதல் மூவரைக் கண்டு நடுங்காத அணி அந்த ஆண்டு இல்லை. அரையிறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-2 என்று நொறுக்கிவிட்டு வந்தவர்கள். ஃபைனலில் அந்த மூவரும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மினசோட்டாவின் வேறு இருவர், ஜான் மிட்டெல்ஸ்டாட்டும் ஜாக்சன் நெல்சனும் அடித்து 2-0 என்று ஆனபோது என் பக்கத்து ரசிகர்கள் பலருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் பெரியவர் மட்டும், "உங்கள் பையன்கள் எங்களை நடுவிலேயே நிறுத்துகிறார்கள், எனக்கு இது பிடிக்கவில்லை" என்று கவலைப்பட ஆரம்பித்தார். சொன்னபடியே ஆயிற்று. மினசோட்டா வேகம் எடுக்கும் முன்பே நம்மவர்கள் குறுக்கே வந்து நின்றார்கள். பக்கை நம் பக்கத்துக்குள் தள்ளிவிட்டு அதன் பின்னே ஓடுவதைத் தவிர மினசோட்டாவுக்கு வேறு வழி இல்லை. ஆட்டம் முடிந்தபோது கோலை நோக்கிய ஷாட் குயின்னிபியாக்குக்கு 30, மினசோட்டாவுக்கு 15. அதில் பாதியையாவது நான் கண்ணால் புரிந்து பார்த்தேன் என்றால் அது அந்தப் பேனா வட்டத்தால்.

இரண்டாவது பீரியடில் கிறிஸ்டோஃப் டெல்லியே ஒன்றைத் திருப்பினார். மூன்றாவதில் நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்போது பயிற்சியாளர் ராண்ட் பெக்னால்ட், கோல்கீப்பர் யானிவ் பெரெட்ஸை வெளியே கூப்பிட்டுக்கொண்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கினார். "ஏய்யா, கோல்ல ஆளையே காணோம்!" என்று அம்மா எழுந்தேவிட்டார். நம்ம ஹாக்கியிலும் கடைசி நேரத்தில் கோல்கீப்பரை எடுப்பது உண்டுதான். ஆனால் பனியில் பக் போகிற வேகத்துக்கு, காலி வலையைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. ஆட்டம் முடிய 2 நிமிடம் 47 விநாடி இருக்கையில் காலின் கிராஃப் அடித்தார். 2-2. அம்மாவும் நானும் மட்டுமல்ல, முன்வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பமும் சேர்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவர்களுக்கும் நன்றி.

ஓவர்டைமில் முதல் கோல் அடிப்பவர்களுக்கே வெற்றி. அதற்கு முன்பு பெரியவர் எனக்கும் அம்மாவுக்கும் காபி வாங்கிவந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "முதல் ஃபேஸ்ஆஃபிலேயே ஓரத்தில் இருப்பவர்களைக் கவனி" என்று ஒரு வரி சொன்னார். நடுவர் பக்கைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவதுதான் ஃபேஸ்ஆஃப். கவனித்தேன். பக் பின்னால் கேப்டன் ஜாக் மெட்ஸாவிடம் வந்தது. அவர் நீளமாக ஒன்றை அனுப்பினார். சாம் லிப்கின் அதைத் தொட்டுவிட, ஜேக்கப் குவில்லன் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தார். கோல்கீப்பர் ஜஸ்டன் குளோஸை ஏமாற்றிச் சுற்றிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினார். ஓவர்டைம் தொடங்கி 10 விநாடி! தேசிய ஃபைனல் வரலாற்றிலேயே இவ்வளவு சீக்கிரம் ஓவர்டைம் முடிந்தது கிடையாது. அரங்கத்தில் பாதிப்பேர் இன்னும் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. ஓரத்துப் பையன் புறப்பட்டதிலிருந்து முழுவதையும் பார்த்தவன் நான். அந்தப் பாக்கியம் பெரியவர் கொடுத்தது.

ஹாம்டனில் இருப்பவர்களுக்கு இந்த வெற்றி என்ன என்று வெளியூர் நண்பர்கள் கேட்கிறார்கள். பெக்னால்ட் 1994இல் பொறுப்பேற்றபோது அணி முதல் பிரிவில்கூட இல்லை. 1998இல்தான் அங்கே ஏறியது. 2013 ஃபைனலில் பக்கத்து ஊர் யேலிடம் 4-0. 2016இல் இதே டாம்பா அரங்கில் நார்த் டகோட்டாவிடம் 5-1. இரண்டு தோல்வியையும் மனசில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

மினசோட்டா ஐந்து முறை பட்டம் வென்ற அணி. ஆனாலும் கடைசியாக வென்றது 2003இல். அந்த ஏக்கம் அவ்வளவும் முகத்தில் தெரிய, பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல அணிதான் ஜெயித்தது" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். ஐயா, உங்கள் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன், அனுமதி கேட்காததால் இங்கே எழுதவில்லை. உங்களிடம் தமிழ் தெரிந்த யாராவது இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் படம் வரைந்த மலர் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

அக்டோபரில் அடுத்த சீசன் தொடங்கும்போது நீங்கள் எல்லாரும் ஹாம்டனுக்கு வாருங்கள். ஓட்டல் எல்லாம் தேட வேண்டாம், தங்குவது எங்கள் வீட்டில்தான். டிக்கெட் என் பொறுப்பு. அண்ணாச்சி, இந்த முறை காசு என்று பேச்செடுக்கக் கூடாது.

அன்புடன்,
ஹாம்டனிலிருந்து ஒரு பாப்கேட்ஸ் ரசிகன்