தாமதிக்க வைக்கும் வாசல்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. பிசியோதெரபிக்குப் போகாமல் அடம்பிடிக்கிறாயாமே? கடைசியில் தங்கச்சி ஒரு வரி எழுதியிருந்தாள். அவள் சொல்வதைக் கேள். எனக்கு இங்கே பெர்த்தில் பேரனைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும்தான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சரியான நேரத்துக்கு நான் எங்கேயும் போனதில்லை.

இந்தக் கடிதம் ஒரு வாசலைப் பற்றி. உன் பழைய தீயணைப்பு வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

பெர்த்தை ஒட்டி ஃப்ரீமாண்டில் என்று ஒரு துறைமுக ஊர். 1991 வரை நடந்த பழைய ஜெயில் அங்கே இருக்கிறது. இப்போது சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். 2010-ல் யுனெஸ்கோ ஆஸ்திரேலியாவின் 11 கைதிக் குடியிருப்புகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் இடம்பெற்றது. வருகிறவர்கள் தூக்குமேடையையும் சுரங்கத்தையும் பார்க்க ஓடுகிறார்கள். பொதுப்பணித்துறையில் காலம் தள்ளிய எனக்கு முகப்பிலேயே பாதி நேரம் போய்விட்டது.

இரண்டு சுண்ணாம்புக்கல் கோபுரங்கள், நடுவே வளைவு வைத்த வாசல், அதற்கு மேலே கடிகாரம். அவ்வளவுதான் முகப்பு. பார்த்தால் பழைய கோட்டை நகரத்தின் நுழைவாயில் மாதிரி இருக்கும். 1854, 55-ல் கட்டியது. கட்டியவர்கள் கைதிகளேதான். பிரிட்டன் நாடுகடத்திய கைதிகளோடு முதல் கப்பல் 1850-ல் இங்கே வந்தது, இறங்கியவர்களை அடைக்க ஒழுங்கான ஒரு கட்டடம்கூட இல்லை. ராணுவப் பொறியாளர் எட்மண்ட் ஹெண்டர்சன் திட்டம் போட்டார். ஊருக்கு மேலே மேடாக இருந்த இடத்தைக் கைதிகளை வைத்தே வெட்டிச் சமன்செய்து, அங்கே கிடைத்த கல்லையே கட்டடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். கதவுகளின் இரும்பு, உடைந்த கப்பல்களிலிருந்து வந்ததாம். சிக்கனம் என்றால் அது சிக்கனம்! தன்னைப் பூட்டப் போகும் கதவைத் தானே தூக்கி நிறுத்தியவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் மனசு போகிறது.

வாசலின் சூட்சுமம் கோபுரத்தில் இல்லை. வெளிக்கதவைத் தாண்டினால் சிறைக்குள் போய்விட மாட்டாய், ஒரு சின்ன முற்றத்தில் நிற்பாய். இரண்டு பக்கமும் காவலர் அறைகள், எதிரே இன்னொரு கதவு. ஒன்றை மூடிய பிறகுதான் மற்றதைத் திறப்பது, பல சிறைகளிலும் இதுதான் வழக்கம். வண்டி, கைதி, காவலர் யாரானாலும் நடுவில் கொஞ்ச நேரம் அகப்பட்டு நின்றாக வேண்டும். எல்லோரையும் தாமதிக்க வைப்பது ஒன்றுதான் இந்தக் கட்டடத்தின் வேலை. குறுகலான வளைவு, கனத்த கதவு, திரும்ப இடமில்லாத முற்றம் எல்லாமே அதற்காகத்தான். அதைத் தாண்டினால்தான் 145 மீட்டர் நீளத்துக்கு நாலு மாடிச் சிறைக்கூடம் கண்ணுக்குத் தெரிகிறது.

இவ்வளவு யோசித்தும் 1867-ல் மூன்டைன் ஜோ என்ற கைதி வாசல் பக்கமே போகாமல் தப்பித்தான். ஏற்கெனவே பலமுறை ஓடியவன் என்பதால் வெளியே வேலைக்கு அனுப்பாமல் மதிலுக்குள்ளேயே கல் உடைக்க வைத்தார்கள். உடைத்த கல் குவியக் குவிய, அதன் மறைவில் மதிலில் ஓட்டை போட்டுவிட்டான்! சுண்ணாம்புக்கல் மிருதுவானது என்பது கல் உடைப்பவனுக்குத் தெரியாதா என்ன?

முகப்பைப் பின்னால் வந்தவர்கள் பூசி மறைத்திருந்தார்கள். 2005 வாக்கில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துப் பழைய கல்லை வெளியே கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு. இந்த மாதிரிக் கல்மேல் சிமெண்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே பொடிந்துபோகும். எத்தனை கூட்டத்தில் கத்தியிருக்கிறேன், உனக்குத்தான் தெரியுமே. கிட்டே போய்ப் பார்த்தால் சில கற்களில் உளித் தழும்பு இன்னும் தெரிகிறது, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. நம் சென்னை சென்ட்ரல் ஜெயிலை 2009-ல் இடித்தபோது ஒரு வாசலையாவது விட்டு வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் இங்கே நின்றபோது மறுபடி வந்தது.

இப்போது உன் விஷயம். 1988 ஜனவரி 4, இங்கே அது நல்ல கோடை. உள்ளே கலவரம் வெடித்தது. கைதிகள் காவலர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு தீ வைத்தார்கள், சிறைக்கூடத்தின் கூரை எரிந்தது. தீயணைப்பு வண்டிகள் வந்தன, ஆனால் வாசல் போதவில்லை. குதிரை வண்டிக் காலத்தில் போட்ட அகலம் அது. வெள்ளையர் காலத்து மூளை நூற்று முப்பது வருஷம் கழித்தும் கச்சிதமாக வேலை செய்திருக்கிறது, உதவிக்கு வந்தவர்களையே நிறுத்தி! அந்த நாளில் உயிர்ச்சேதம் இல்லை என்பதுதான் ஆறுதல். அதன் பிறகு அங்கே ஜெயில் நெடுநாள் நடக்கவில்லை.

நீ சர்வீஸில் இருந்தபோது இப்படி வண்டி நுழையாத பழைய கட்டடங்களுக்கு என்ன ஏற்பாடு வைத்திருந்தீர்கள்? தெருவிலிருந்தே ஓஸ் இழுப்பீர்களா, இல்லை மதிலை இடிக்க அதிகாரம் உண்டா? என் மகன் உண்டு என்கிறான், நான் நம்பவில்லை. விவரமாக எழுது. பிசியோதெரபிக்குப் போய் வந்த பிறகு எழுது.

அன்புடன்,
ராமு